இருபது விழுந்தா எல்லாம் சரியா?

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "பகடையில் இருபது விழுந்தால் எந்தக் காரியமும் தானாக ஜெயம், ஒன்று விழுந்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் தானாகத் தோல்வி" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வைத்துக்கொண்டிருக்கிற விதி மகா மட்டமான விதி. விளையாட்டையும் கெடுக்கிறது, பிள்ளைகளையும் கெடுக்கிறது. தானாகக் கிடைக்கிற ஜெயமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாக இருக்கட்டும். ஆனால் அது கற்றுக்கொண்டவனுக்குச் சேர வேண்டிய சொத்து. அதைத் தூக்கிப் பகடைக்குக் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

"ஏங்க, பசங்க விளையாட்டுக்கெல்லாமா ஒரு பதிவு?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், நம்ம பொழைப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் விஷயம் தெரியாத பெற்றோருக்காக. சனிக்கிழமை சாயந்திரம் நாலைந்து பிள்ளைகள் பேஸ்மென்ட்டில் உட்கார்ந்து "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" விளையாடுகிறார்கள் இல்லையா, அதைத்தான் சொல்கிறேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் கொண்டுவந்தது. ஆளுக்கு ஒரு பாத்திரம்: ஒருத்தர் திருடன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் போர்வீரன். ஒருவர் மட்டும் கதை நடத்துபவர். சுவர் ஏற வேண்டும், பூட்டைத் திறக்க வேண்டும், காவலாளியைப் பேசி மயக்க வேண்டும் என்றால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்டி, தன் பாத்திரத்தின் திறமைக்கு உண்டான எண்ணைக் கூட்ட வேண்டும். வேலைக்குத் தகுந்த இலக்கு எண் ஒன்று இருக்கும். சுலபமான வேலைக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டமானதுக்கு 20, கிட்டத்தட்ட நடக்கவே நடக்காததுக்கு 30. கூட்டுத்தொகை இலக்கைத் தொட்டால் காரியம் முடிந்தது. அவ்வளவுதான்.

இதில் இருபதும் ஒன்றும் எங்கே நுழைந்தன? சண்டையில். வாள் வீசும்போது இருபது விழுந்தால் அடி கண்டிப்பாகப் படும், ஒன்று விழுந்தால் கண்டிப்பாகத் தவறும். அதை ஒப்புக்கொள்ளலாம். சண்டை என்றால் தூசி, கூச்சல், கால் வழுக்கல் எல்லாம் உண்டு. ஒரு சண்டையில் இருபது முப்பது தடவை உருட்டுகிறோம், ஒரு அடி தவறினால் குடி முழுகிப் போகாது.

திறமைச் சோதனைக்கு இந்த விதி கிடையாது. 2003-ல் வந்த 3.5 பதிப்பு, திறமைச் சோதனையில் இருபது தானாக வெற்றியும் இல்லை, ஒன்று தானாகத் தோல்வியும் இல்லை என்று தெளிவாகவே எழுதி வைத்தது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் இருபதும் ஒன்றும் வாள் வீச்சுக்குத்தான். 2022 ஆகஸ்டில் ஒரு சோதனை வரைவை வெளியிட்டு, எல்லா உருட்டலுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார்கள். 2024-ல் வந்த புதிய புத்தகத்தில் திறமைச் சோதனைக்கு அது இல்லை. ஆனால் 2023-ல் வந்த "பால்டர்ஸ் கேட் 3" என்ற கணினி விளையாட்டில் இந்த விதி இருக்கிறது. அதை ராத்திரி பகலாக ஆடிவிட்டு வருகிற பிள்ளைகளிடம் போய்ப் புத்தகத்தில் இப்படி இல்லையே என்றால், "அங்கிள், எல்லாரும் இப்படித்தான் ஆடறாங்க" என்கிறார்கள்.

எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எனக்குத் தெரிந்த சாலையிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். திருப்பதியிலிருந்து திருமலைக்குப் போகும் பழைய மலைப்பாதை 1944-ல் திறக்கப்பட்டது. இப்போது இறங்குவதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை என்று போனவர்களுக்கு வயிற்றுக்குத் தெரியும். கணக்குக்கு முப்பது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டிசி ஓட்டுநர் ஒரு நாளைக்குச் சில தடவை, வருஷக்கணக்காக, ஒரு கையில் ஹாரனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாக இறங்குகிறார். பின்னால் மொட்டைத் தலைகளும் லட்டுப் பைகளுமாக ஐம்பது பேர் கோவிந்தா போட்டுக்கொண்டு தூங்கி வழிகிறார்கள்.

இப்போது நம் பிள்ளைகள் விதியை அவர் மேல் போடுங்கள். வளைவுக்கு ஒரு உருட்டல், ஒன்று விழுந்தால் தானாகத் தோல்வி. இருபதில் ஒன்று என்றால் நூற்றுக்கு ஐந்து. முப்பது வளைவையும் ஒரு தடவைகூடத் தவறாமல் கடக்க வாய்ப்பு நூற்றுக்கு 21 தான். அதாவது ஐந்து பஸ் கிளம்பினால் நாலு பஸ் எங்கேயாவது ஒரு வளைவில் தடுமாறியே தீரும். இப்படி ஒரு மலைப்பாதை இருந்தால் ஏழுமலையானே இறங்கி வந்து தரிசனம் கொடுக்க வேண்டியதுதான் :-)

நிஜத்தில் ஏன் அப்படி நடப்பதில்லை? திறமை என்றாலே அதுதான் அர்த்தம். கற்றுக்கொள்ளாதவனுக்கு எது ஒவ்வொரு தடவையும் கண்டமோ, அது கற்றவனுக்கு அன்றாட வேலை. தோல்வி வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இறங்கவே கூடாது என்று சொல்கிற விதி, தேர்ச்சி என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது என்கிறது.

அடுத்து இருபது. திருப்பதிக்குப் பக்கத்தில் சந்திரகிரி கோட்டை இருக்கிறது. விஜயநகர அரசர்கள் கடைசிக் காலத்தில் தலைநகராக வைத்திருந்த இடம். கீழே ராஜ மகால், மேலே வழுக்குப் பாறை. ஒரு கதையை அங்கே வைத்து நடத்துங்கள். ஒருத்தன் மழை ராத்திரியில், கயிறு இல்லாமல், இரும்புக் கவசத்தோடு அந்தப் பாறையில் ஏறுகிறேன் என்கிறான். ஏறத் தெரியாது, கூட்டிக்கொள்ள ஒரு எண்ணும் இல்லை. இலக்கு 30. அவன் எவ்வளவு உருட்டினாலும் 20-ஐத் தாண்டாது. ஆனால் தானாக ஜெயம் என்ற விதி இருந்தால் இருபது தடவைக்கு ஒரு தடவை ஏறிவிடுவான். விடாமல் இருபது தடவை முயன்றால் ஒரு தடவையாவது ஏறிவிட நூற்றுக்கு 64 வாய்ப்பு. அப்புறம் அந்தக் கோட்டைக்கு மதில் எதுக்கு, காவல் எதுக்கு? ராஜாவிடம் நேரே போய் "கிரீடத்தைக் கழட்டிக் குடுங்க" என்று கேட்டு இருபது உருட்டினால் அவரும் கொடுத்துவிடுவாரா?

"நம்ம ஊர் தாயக்கட்டையும் அதிர்ஷ்டம்தானே, அப்ப மட்டும் இனிச்சுதா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி.

இரண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: 0, 1, 2, 3. மொத்தம் பதினாறு விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டே வழி. எட்டுக்கு ஒன்று. அது விழாமல் காய் இறங்காது. பாட்டி மூணு காயை இறக்கிப் பழம் எடுக்கிற வரைக்கும் நான் ஒரு காயைக்கூட இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த கோடை விடுமுறைகள் உண்டு. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் சோழி குலுக்கி அஷ்டா சம்மா ஆடுவார்கள். அங்கேயும் இதே கதைதான். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதம் ஆடினால் அதில் யோசிக்கவே வேலை இல்லை. விழுந்த எண்ணுக்கு ஏணி, விழுந்த எண்ணுக்குப் பாம்பு.

ஆனால் கவனியுங்கள். தாயத்தில் யாரும் யாரிடமும் "நீ தாயம் போடக் கத்துக்கோ, அதுக்கு மதிப்பு உண்டு" என்று வாக்குக் கொடுக்கவில்லை. பாட்டிக்கும் எட்டுக்கு ஒன்று, பேரனுக்கும் எட்டுக்கு ஒன்று. கட்டை எண்ணை மட்டும்தான் கொடுக்கும். எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, மலையில் பத்திரமாக உட்காருவதா என்பது ஆடுகிறவர் மூளை. பாட்டி ஜெயித்தது அங்கேதான். அதிர்ஷ்டத்துக்கு ஒரு எல்லை, அறிவுக்கு ஒரு எல்லை, இரண்டும் ஒன்றை ஒன்று மிதிக்காது.

திருமலையில் சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை மாதிரிச் சேவைகளுக்கு எலக்ட்ரானிக் குலுக்கல் வைக்கிறார்கள். அதுவும் நியாயமே. இருக்கிற இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் கணக்கில் அடங்காதவர்கள், ஒரு பக்தரைவிட இன்னொரு பக்தருக்கு அதிக உரிமை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த மாதிரி இடத்தில் குலுக்கிப் போடுவதுதான் மரியாதை. உழைத்துச் சேர்த்த வித்தைக்குப் பக்கத்தில் அதே குலுக்கலைக் கொண்டுபோய் வைத்தால் அதுவே அவமரியாதை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வாக்குக் கொடுக்கிற விளையாட்டு. "பூட்டுத் திறப்பதைக் கற்றுக்கொள், அதற்காக வேறு ஒன்றை விட்டுக்கொடு, பதிலுக்கு நீ அதில் கெட்டிக்காரியாக இருப்பாய்" என்று பாத்திரம் உருவாக்கும்போதே ஒப்பந்தம். என் மகள் ஒரு வருஷமாக அப்படி ஒரு பாத்திரத்தை வளர்த்தாள். பூட்டுக்கு அவள் கூட்டிக்கொள்ளும் எண் 9. ஒருநாள் ஒரு சாதாரணப் பூட்டு, இலக்கு 10. ஒன்று விழுந்தது. ஒன்பதும் ஒன்றும் பத்து, புத்தகப்படி திறக்க வேண்டும். "ஒண்ணு விழுந்தா ஃபெயில்" என்று மேசையே கத்தியது. அடுத்த அறையில் ஒரு பெரிய பெட்டி, இலக்கு 25. அவளுக்குப் பதினாலு விழுந்து மொத்தம் 23, திறக்கவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்து கோடாலிக்காரனாக ஆடுகிற பையன் சும்மா உருட்டினான். பூட்டு வேலை அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது, கூட்டவும் எண் இல்லை. இருபது. பெட்டி திறந்துகொண்டது. எல்லோரும் எழுந்து குதித்தார்கள். இவள் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ நான் எதுக்குப்பா இதைக் கத்துக்கிட்டேன்?" என்றாள்.

இதற்கு அந்த விதியை ஆதரிப்பவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

அவர்கள் பக்கத்து வாதத்தில் வலுவானது ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். "இருபது விழுந்தும் காரியம் ஆகாதுன்னா அவனை எதுக்கு உருட்டச் சொன்னீங்க?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் பதில்: உருட்டச் சொல்லியிருக்கவே கூடாது. நடக்காத காரியம் என்றால் கதை நடத்துபவர் முன்னாடியே "இது நடக்காது, வேற வழி யோசி" என்று சொல்ல வேண்டும். கயிறு தேடலாம், காவலாளியைத் தெரிந்த ஆளைப் பிடிக்கலாம், பொழுது விடியக் காத்திருக்கலாம். யோசனை பிறக்கிற இடமே அதுதான். இருபதை நம்பி உட்கார்ந்தால் யோசனைக்கு வேலை இல்லை.

"சாமானியனுக்கும் ஒரு நாள் விடியட்டுமே" என்பது இன்னொரு வாதம். விடியட்டும், யார் வேண்டாம் என்றது? இலக்கு 20 இருக்கிற கஷ்டமான வேலையைக்கூட, கூட்ட எண் இல்லாதவன் இருபது உருட்டி முடித்துவிட முடியும். அந்தச் சந்தோஷம் புத்தக விதியிலேயே இருக்கிறது. அதற்கும் மேலே, முடியவே முடியாததையும் கேட்பது பேராசை. நடுவில் ஒரு வழி வேண்டும் என்பவர்களுக்கு 2019-ல் வந்த "பாத்ஃபைண்டர்" இரண்டாம் பதிப்பு இருக்கிறது. அங்கே இருபது விழுந்தால் முடிவு ஒரு படி மேலே போகும், ஒன்று விழுந்தால் ஒரு படி கீழே. படுதோல்வி வெறும் தோல்வியாகும், தோல்வி வெற்றியாகும். பாதாளத்தில் கிடப்பவனை ஒரே தாவில் மாடியில் ஏற்றிவிடாது.

சரி, எது நல்ல தானியங்கி ஜெயம்? அதுவும் இதே விளையாட்டுக் குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் "பத்து எடுத்துக்கொள்" என்று ஒரு விதி. அவசரமோ ஆபத்தோ இல்லாதபோது உருட்டாமலேயே பத்து விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம். நேரம் நிறைய இருந்து, தோற்றாலும் நஷ்டம் இல்லை என்றால் "இருபது எடுத்துக்கொள்". பொறுமையாக உட்கார்ந்து செய்கிறவனுக்கு மரியாதை அது. இப்போதைய பதிப்பில் தேர்ந்த திருடனுக்கு ஒரு தகுதி வரும்: தான் கற்ற திறமையில் ஒன்பதோ அதற்குக் கீழோ விழுந்தால் பத்தாக எடுத்துக்கொள்ளலாம். 2014 புத்தகத்தில் அது பதினோராம் நிலையில் வந்தது, 2024-ல் ஏழாம் நிலைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ராபின் லாஸ் என்பவர் உருவாக்கிய "கம்ஷூ" என்ற துப்பறியும் முறையில் இன்னும் ஒரு படி மேலே. தடயம் இருக்கிற இடத்தில், அதற்கு உரிய திறமை உள்ள ஆள் தேடினால் தடயம் கிடைத்தே தீரும். பகடையே கிடையாது. கிடைத்த தடயத்தை வைத்து என்ன யோசிக்கிறாய் என்பதுதான் விளையாட்டு.

இவை எல்லாவற்றிலும் தானாக வருகிற ஜெயம் ஆளோடு ஒட்டியிருக்கிறது. கற்றதால் வந்தது, பொறுமையால் வந்தது. பகடை கொடுத்த பிச்சை இல்லை.

நம்ம ஊர்க் கதைகளுக்கு இது புதுசும் இல்லை. நளன் சூதாடி நாட்டை இழந்தான். திரும்பப் பெற்றது எப்படி? இருபது விழக் காத்திருந்தா? இருதுபர்ணன் என்ற ராஜாவுக்குத் தேரோட்டியாக இருந்தபோது, தன் குதிரை வித்தையைக் கொடுத்து அவரிடமிருந்து சூதாட்ட வித்தையைக் கற்றுக்கொண்டான். கற்றபிறகுதான் மறுபடி ஆடப் போனான். பகடையைக்கூட ஒரு வித்தையாகப் பார்த்த கதை நம்முடையது. அந்த ஊர்ப் பிள்ளைகள் வித்தையைப் பகடையாக்கி விளையாடுகிறார்கள்.

இப்போது நம் பொழைப்புக்கு வருகிறேன்.

கடல் தாண்டி வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஊரில் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர் இங்கே லர்னர்ஸ் பெர்மிட்டோடு வாகனம் நிறுத்தப் பழகினார். ஊரில் நோயாளிகள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போன டாக்டர் மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி பயிற்சி மருத்துவராக ராத்திரி டியூட்டி பார்த்தார். அதில்கூட எனக்குப் பெரிய புகார் இல்லை. பரீட்சை கஷ்டமாக இருந்தாலும் அது "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறது. எச்-1பி குலுக்கல் அதைக்கூடக் கேட்கவில்லை. வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு இன்னொரு 20,000. அதற்கு மேல் மனுக்கள் குவிந்தால் கணினி பொறுக்கி எடுக்கும். 2007 ஏப்ரலில் மனு வாங்கத் தொடங்கிய முதல் நாளிலேயே வரம்பைத் தாண்டிக் குவிந்தன. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், படிப்பும் அனுபவமும் வேலையும் கையில் வைத்திருந்தவர்கள் பேர் வந்ததா இல்லையா என்று மார்ச்சிலும் ஏப்ரலிலும் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேர் வராதவர்களின் திறமை ஒரு இம்மிகூடக் குறையவில்லை. ஆனாலும் பெட்டி கட்டினார்கள்.

இதைவிட மோசம் பேர் வந்தவர்களுக்கு நடந்தது. நாளாக ஆக, "நம்ம திறமைக்குத்தானே கிடைச்சுது" என்று நம்ப ஆரம்பித்துவிட்டோம். பேர் வராமல் திரும்பிப் போனவனை விருந்துகளில் "அவன் கொஞ்சம் சுமார்தான்" என்று பேசுகிறவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இருபது விழுந்தவன் தன்னைப் பூட்டுக்காரன் என்று நினைத்துக்கொள்கிறான். தானாக ஜெயம் என்ற விதி பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற மிக மோசமான பாடம் இதுதான். தோற்றவளுக்கு "கற்றது வீண்" என்று சொல்கிறது. ஜெயித்தவனுக்கு "கற்கவே வேண்டாம், நீ பிறவி மேதை" என்று சொல்கிறது.

உலகத்தின் விதியை நாம் மாற்ற முடியாது. குடியேற்றச் சட்டம் நம் கையில் இல்லை. ஆனால் பேஸ்மென்ட்டில் இருக்கிற மேசையின் விதி நம் பிள்ளைகள் கையில்தானே இருக்கிறது? வெளியே நடக்கிற குலுக்கலை அங்கேயும் ஏன் கொண்டுபோய் வைக்க வேண்டும்?

எங்கள் வீட்டு மேசைக்கு இப்போது மூன்றே விதி. ஒன்று, தெரிந்தவருக்குத் தெரிந்த வேலை என்றால் உருட்ட வேண்டாம், காரியம் முடிந்தது. இரண்டு, யாராலும் முடியாதது என்றால் உருட்ட வேண்டாம், வேறு வழி யோசி. மூன்று, முடியலாம் முடியாமலும் போகலாம் என்கிற இடத்தில் மட்டும் பகடை, அங்கேயும் கூட்டுத்தொகைதான் பேசும். கோடாலிக்காரப் பையன் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூணாவது வாரம் அவன் பாத்திரம் கயிறு கட்டக் கற்றுக்கொண்டது.

பகடை பாட்டுக்கு உருளட்டும். எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். உங்கள் வீட்டுப் பேஸ்மென்ட்டில் இருபதுக்கு என்ன மரியாதை என்று எழுதுங்கள். "இருபது இருபதுதான்" என்பவர்கள் கணக்கோடு வாருங்கள், சண்டை போடுவோம்.